படத்துக்கு இட்ட குரவை

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் படம் பார்க்கும் பழக்கம் மகள் வேலைக்குப் போன பிறகுதான் தொடங்கியது. அவள் அரசாங்கக் கந்தோரில் அபிவிருத்தி உத்தியோகத்தர். ஒரு வியாழக்கிழமை கைப்பைக்குள்ளிருந்து சின்னதொரு பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்து, "கந்தோர்ல ஒரு ஆள் தந்த. நல்ல படமாம்" என்றாள். யார் அந்த ஆள் என்று நான் கேட்கவில்லை. பாடசாலையில் முப்பது வருடம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுக் களைத்தவள் நான். வீட்டில் குறைத்துக்கொள்வேன்.

அடுத்த நாள் ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்து, எல்லோரும் ஹோலில் உட்கார்ந்தோம். எல்லோரும் என்றால் ஐந்து பேர்: நான், என் கணவர், மகள், நான் ராத்தா என்று கூப்பிடும் என் அக்கா, கணவரின் கூட்டாளி. ராத்தாவின் வீடு எங்கள் வீட்டுக்குப் பின்னால். இரண்டுக்கும் நடுவே சுவரில் ஒரு சின்னப் படலை இருக்கிறது, அது பூட்டப்பட்டதை நான் கண்டதில்லை. கூட்டாளி சொறிக்கல்முனைக்காரர். சவளக்கடைப் பக்கம் எங்கள் வயலும் அவர் வயலும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிப்பவை. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு அவருக்கு எங்கள் வீட்டில்தான். கிறிஸ்மஸுக்கு எங்களுக்கு அவர் வீட்டில்.

முதலில் வந்தது ஒரு யுத்தப் படம். ஏதோ ஒரு குளிர்தேசத்துக் கதை, தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். காயப்பட்ட கூட்டாளி ஒருவனைத் தூக்கிக்கொண்டு ஏழு சிப்பாய்கள் பனிக்குள் நடக்கிறார்கள். நாள் கணக்கில் நடக்கிறார்கள். குண்டு விழுகிறது, பாலம் உடைகிறது, ஒருவன் தன் தாய்க்குக் கடிதம் எழுதுகிறான். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். படம் முடிந்ததும் ராத்தாவைப் பார்த்து எப்படி என்று கேட்டாள்.

ராத்தா திரைப் பக்கம் கையைக் காட்டினாள். "எல்லாம் சரி புள்ள. இவனுகளுக்குச் சமைச்ச ஆரு?"

நாங்கள் சிரித்துவிட்டோம். ராத்தா சிரிக்கவில்லை. ஏழு ஆம்பிளைகள், ஐந்து நாள் நடை, அந்தக் குளிர், ஒரு வாய் சோறோ பாணோ சாப்பிட்டதை நான் காணவில்லை, பிறகு எப்படி அவன் மற்றவனைத் தூக்குவான் என்று விரல் மடக்கிக் கேட்டாள். நாங்கள் படத்தை மனதுக்குள் திருப்பி ஓட்டிப் பார்த்தோம். உண்மைதான். ஒருவன் சிகரெட் பற்றவைத்ததைத் தவிர யாருடைய வாய்க்குள்ளும் எதுவும் போகவில்லை.

அவள் அதைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. யுத்தத்தில் எங்கள் ஊர் கெட்டுக் கிடந்த அந்த வருடங்களில் ஒரு தரம் நாங்கள் பாடசாலைக் கட்டடத்தில் பல குடும்பங்களோடு இருக்க வேண்டி வந்தது. ராத்தாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது, கையில் ஒரு குழந்தை. முதல் நாள் எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது அவள்தான் எழும்பி, யார் யார் வீட்டிலிருந்து அரிசி கொண்டு வந்தது என்று கேட்டுச் சேர்த்தாள். மூன்று மேசைக் கால்களை உடைத்து அடுப்பு மூட்டினாள். பாடசாலை அதிபர் பிறகு வந்து, மேசை எங்கே என்று கேட்டார். சோற்றைக் கொடுத்ததும் பேசாமல் சாப்பிட்டார். யுத்தம் என்றால் ராத்தாவுக்கு நினைவு வருவது துவக்கு இல்லை, வேகாத சோறு.

என் கணவரின் பாடு வேறு. ஷெல் கூவிக்கொண்டு வரும் சத்தம் படத்தில் கேட்டவுடன் அவர் எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவார். பூமரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுவார். சத்தம் நின்றதும் உள்ளே வந்து, "என்ன நடந்த?" என்று கேட்பார். நாங்கள் கதையைச் சொல்லுவோம். அந்த இரண்டு மாதத்தில் எங்கள் ரோஜாக்கள் பூத்ததுபோல முன்னொருபோதும் பூத்ததில்லை.

இரண்டாவது யுத்தப் படத்தில்தான் கூட்டாளியின் முறை வந்தது. கிழக்குப் பக்கத்து ஏதோ ஒரு நாடு, வயல்வெளி, எங்கள் வயல் கண்டங்களைப் போலவே பச்சைப் பசேலென்று கிடந்தது. அதற்குள்ளால் வரிசையாக டாங்கிகள் ஏறி வந்தன. கதாநாயகன் வரம்பில் படுத்துக் கிடக்கிறான், பிழைப்பானா மாட்டானா என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். கூட்டாளி தலையில் கை வைத்துக்கொண்டு முன்னால் சரிந்தார். கண் கலங்கியிருந்தது.

"குடலைப் பயிர் மச்சான்" என்றார் என் கணவரிடம். "இன்னும் ரெண்டு கிழமையில கதிர் தள்ளும். அதுக்குமேலயா ஏத்துவானுகள்?"

அப்போது ஷெல் சத்தம் எதுவும் இல்லாததால் என் கணவரும் உள்ளே இருந்தார். இருவரும் படத்தை நிறுத்தச் சொன்னார்கள். திரையில் நின்றுபோன வயலுக்குக் கிட்டப் போய், இது எத்தனை மாத நெல், எந்தப் பக்கத்தால் தண்ணீர் கட்டியிருக்கிறான், டாங்கி ஏறிய கண்டத்தில் எத்தனை மூடை போயிருக்கும் என்று கதைக்கத் தொடங்கினார்கள். கதாநாயகன் அரை மணித்தியாலம் வரம்பிலேயே படுத்துக் கிடந்தான். மகள் கைத்தொலைபேசியில் எதையோ எழுதிக்கொண்டு தனக்குள் சிரித்தாள். நான் அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சொறிக்கல்முனைக்கும் எங்களுக்கும் இடையில் பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் இவர்கள் இரண்டு பேரும் நாலு வருடம் ஒருவரையொருவர் காணவில்லை. திரும்பச் சந்தித்த அன்றைக்கு வாய்க்கால் தூர்ந்துபோனதைப் பற்றித்தான் முதலில் கதைத்தார்களாம்.

மூன்றாவது கிழமை மகள் கொண்டு வந்த படத்தைப் பார்த்து நான் ஆச்சரியப்பட்டேன். அதுவும் யுத்தப் படம்தான். ஆனால் கதாநாயகன் ஒரு சமையல்காரன். பெரிய படை ஒன்றுக்குப் பின்னால் ஒரு கழுதை வண்டியில் கிடாரமும் விறகும் ஏற்றிக்கொண்டு போகிறான். அவனிடம் துவக்குக்கூட இல்லை. ஒரு நாள் படை முழுக்கச் சிதறிப் போகிறது. எங்கே போவது என்று தெரியாமல் சிதறியவர்கள், அவன் மூட்டிய அடுப்புப் புகையைக் கண்டு ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள். ராத்தா அசையாமல் இருந்து பார்த்தாள். முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுதான் படம்" என்றாள். அன்றைக்கு மஃரிப் தொழுகைக்குப் பிறகு அக்கம்பக்கம் எல்லோருக்கும் கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தச் சமையல்காரன் இன்னும் இரண்டு கறி கூடுதலாகச் சமைத்தான்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. ராத்தா கேள்வி கேட்டு இரண்டு கிழமைக்குள் அந்தக் கேள்விக்கென்றே ஒரு படம் எப்படி வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு இசைக்காரர்களின் வாழ்க்கைக் கதைகள் வரத் தொடங்கின. முதலில் ஒரு வயலின்காரர். கூட்டாளி தன் ஊர்த் தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கிறவர். அவர் நடிகனின் முகத்தைப் பார்க்கவே இல்லை, விரலைத்தான் பார்த்தார். கை ஒரு இடத்தில் நிற்கிறது, சத்தம் இன்னொரு இடத்தால் வருகிறது என்று படம் முடியும்வரை குறைப்பட்டுக்கொண்டார். என் கணவர் இந்தப் படங்களில் எழும்பிப் போகத் தேவையிருக்கவில்லை, அதனால் முழுதாக இருந்து பார்த்து ஒரு விசயத்தைக் கண்டுபிடித்தார். எந்த நாட்டு இசைக்காரனாக இருந்தாலும் அவனை வீட்டிலிருந்து துரத்தும்போது மழை பெய்கிறது. துரத்துகிறவர்கள் வானிலை அறிவிப்பைக் கேட்டுவிட்டுத்தான் துரத்துகிறார்கள் என்றார்.

ராத்தா இந்தப் படங்களுக்கு ஹோலில் இருக்க மாட்டாள். பாட்டும் கூத்தும் தனக்குச் சரிவராது என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள். ஆனால் குசினிக் கதவைச் சாத்த மாட்டாள். வாசற்படியில் சுளகை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவாள். எங்கள் அரிசியில் கல் இல்லை, அது மில்லில் சுத்தம் செய்து வந்த பக்கெட் அரிசி.

அந்த வெள்ளிக்கிழமை பார்த்தது ஒரு பாடகியின் கதை. உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பம். அவள் தலையில் கூடையோடு பாடிக்கொண்டு போகிறாள். தகப்பன் வேண்டாம் என்கிறான், அவள் போகிறாள், பேர் எடுக்கிறாள். பிறகு ஒரு காய்ச்சலோடு குரல் போய்விடுகிறது. மூன்று வருடம் வாய் திறக்காமல் இருக்கிறாள். கதைக்க வேண்டியதை ஒரு சின்னச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாள். மழையும் பெய்தது, என் கணவர் எங்களைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். கடைசியில் அவளுடைய ஊரிலேயே ஒரு மேடை. உப்பளத்துப் பெண்கள் எல்லாம் முன்வரிசையில் இருக்கிறார்கள். தகப்பன் பின்னால் தூணோடு நிற்கிறான். அவள் வந்து ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்கிறாள். சத்தம் வரவில்லை. திரும்பவும் வாயைத் திறக்கிறாள், வரவில்லை. மண்டபம் முழுக்க அமைதி. எங்கள் ஹோலிலும் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

பிறகு குரல் வந்தது.

அந்தக் கணத்தில் குசினி வாசலில் இருந்து ராத்தா குரவையிட்டாள்.

குரவை என்றால் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை படி ஏறும்போது பெண்கள் நாக்கைச் சுழற்றி இடுகிற அந்த நெடிய ஒலி. எங்கள் தெருவில் முப்பது வருடமாக அதற்கு ராத்தாதான் தலைவி. அவள் தொடங்கினால்தான் மற்றவர்கள் சேர்வார்கள். அவளுடைய குரவை கடற்கரை வீதிவரை கேட்கும் என்பார்கள். அன்றைக்கும் கேட்டிருக்கிறது. சுளகு கவிழ்ந்து அரிசி நிலமெல்லாம் கொட்டிக் கிடக்க, அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தான் என்ன செய்தோம் என்று தெரியாதவள்போல நின்றாள். நாங்கள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். ராத்தாவும் சிரித்தாள், அழுதுகொண்டே.

சிரிப்பு அடங்குவதற்குள் முன்வீட்டு மாமி வந்துவிட்டா. கையில் ரொட்டி மா, தலையில் முக்காடு பாதி.

"ஆருக்குகா? மகளுக்கா? எப்பகா பேசின?"

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. வயதுக்கு வந்த பெண்பிள்ளை இருக்கிற வீடு, வெள்ளிக்கிழமை பின்னேரம், குரவைச் சத்தம். தெருவுக்கு வேறென்ன தோன்றும்? ராத்தா, "படத்துலகா, படத்துக்கு விட்ட" என்றாள். மாமி அதை நம்பவில்லை. பின்னாலேயே இன்னும் நாலு பேர் வந்தார்கள். நான் தொலைக்காட்சியைக் காட்டினேன். அங்கே பாடகி பாடி முடித்து, பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் கூட்டாளி எழுந்து நின்று, பைபிளைத் தொட்டுச் சத்தியம் பண்ணாத குறையாக, நடந்ததை விளக்கினார். அதற்கு ஒருத்தி, "வயல்காரரையும் கூப்பிட்டுத்தான் பேசியிரிக்கீங்க, எங்களுக்கு மட்டும் செல்லல்ல" என்று முகத்தைத் திருப்பினாள். எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினேன். அது இன்னும் பிழையாகப் போனது, தேத்தண்ணீரோடு வைத்த தொதல் இனிப்பைப் பார்த்துவிட்டுச் சந்தேகம் தீர்ந்த முகத்தோடு போனார்கள்.

அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போன என் கணவருக்கு மூன்று பேர் கை கொடுத்தார்களாம். மஃரிபுக்கு எனக்குச் சாய்ந்தமருதிலிருந்து சின்னம்மா முறைச் சாச்சி தொலைபேசி எடுத்தா, மாப்பிள்ளை டொக்டராமே என்று கேட்டா. நான் மகளைப் பார்த்துச் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. கைத்தொலைபேசியோடு அறைக்குள் போனவள் வெளியே வரவில்லை.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. இஸ்திரி போட்ட சேர்ட், அதில் ஒரு பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. என் கணவர் ரோஜாக்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வந்தவர் ஸலாம் சொல்லி, தான் மருதமுனை, எங்கள் மகளோடு ஒரே கந்தோரில் வேலை என்றார். பென் டிரைவை வாங்கிப் போக வந்ததாகச் சொன்னார். திங்கட்கிழமை மகளிடம் கொடுத்து அனுப்பலாமே தம்பி, இதற்காகவா வந்தீர்கள் என்று என் கணவர் கேட்டார்.

"திங்கக்கிழமைக்குள்ள..." என்று தொடங்கிய பொடியன் அதற்கு மேல் போகவில்லை. காது இரண்டும் சிவந்துவிட்டது.

நான் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். அதற்குள் படலையால் ராத்தா வந்துவிட்டாள். வந்தவரை மேலும் கீழும் பார்த்தாள். யார் என்று நான் சொன்னதும் கதிரையை இழுத்து அவருக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள்.

"படமெல்லாம் தந்த நீங்கதானா மனே?"

"ஓம்."

"சமையல்காரன்ட படமும்?"

"ஓம். நீங்க கேட்டீங்களாம் சமைச்ச ஆரு எண்டு. ஒரு படமாவது அதுக்குப் பதில் செல்லணுமே எண்டு தேடின. ரெண்டு கிழமை ஆகிட்டு."

ராத்தா கதிரையில் சாய்ந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மகள் கந்தோருக்குப் போய் எங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, அடுத்த கிழமை எங்களுக்கு எது பிடிக்கும் என்று யோசித்துப் படம் கொடுத்திருக்கிறார். முந்தின நாள் குரவைச் செய்தி மருதமுனைக்குப் போய்ச் சேர்ந்ததும், அது படத்துக்கு இட்ட குரவை என்று மகள் எவ்வளவு சொல்லியும் மனம் கேளாமல், விடிந்ததும் புறப்பட்டு வந்திருக்கிறார்.

நான் அறைக்குள் போனேன். மகள் கட்டிலில், தலையணையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். உனக்கு விருப்பமா என்று கேட்டேன்.

"ரெண்டு மாசமா படம் படமாக் கொண்டு வந்து தாறன். இப்பதான் கேக்கிறீங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. அவளுடைய தலையைத் தடவிவிட்டு வெளியே வந்து என் கணவரிடம் தலையை ஆட்டினேன். அவர் கையில் இன்னும் தண்ணீர் வாளி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைச் சாரனில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

ராத்தாதான் பேசினாள். "இந்த வீட்டுல ஒண்டும் பேசி முடியல்ல மனே. ஒங்கட உம்மாக்கிட்டப் போய்ச் செல்லுங்க, நாங்க மாப்பிள்ள கேட்டு வாறம் எண்டு."

அவர் எழும்பி, ஸலாம் சொல்லி, பென் டிரைவை வாங்காமலே போனார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் மருதமுனைக்குப் போனோம். வட்டிலப்பம் ராத்தா அவித்தது, பழத் தட்டு நான். ஞாயிற்றுப் பூசை முடித்துக் கூட்டாளியும் வந்து சேர்ந்தார். நாங்கள் பெரிய யோசனையோடுதான் போனோம். தெரியாத குடும்பம், எப்படிக் கதையைத் தொடங்குவது, அவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று வாகனத்தில் போகும் வழி முழுக்க அதே பேச்சு. போய் இறங்கியதும் மாப்பிள்ளையின் உம்மா வாசலுக்கு வந்தா. எங்கள் ஒவ்வொருவரையும் நின்று பார்த்தா. பிறகு கூட்டாளியைப் பார்த்து, "நெல்லுக்கு அழுதவர் நீங்கதானே?" என்று கேட்டா.

கூட்டாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. உம்மா என் கணவரிடம் திரும்பி, ரோஜா எப்படி இருக்கிறது என்று விசாரித்தா. ராத்தாவைக் கேட்கவே இல்லை, நேரே போய்க் கட்டிப் பிடித்தா. உள்ளே மாப்பிள்ளையின் வாப்பாவும், இரண்டு தங்கச்சிமாரும் எங்களை வெகுநாள் பழகியவர்கள்போலப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் ஒவ்வொரு திங்கட்கிழமை பின்னேரமும் தேத்தண்ணீரோடு எங்கள் கதைதான் நடந்திருக்கிறது. மகன் கந்தோரால் வந்ததும் சுற்றி உட்கார்ந்துவிடுவார்களாம். வானிலை அறிவிப்பைக் கேட்டுத் துரத்தும் கதையைச் சொல்லி வாப்பா மறுபடியும் சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார். நாங்கள் படம் பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம் இவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு முதலில் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு, இந்த வீட்டில் மகளை அறிமுகப்படுத்த வேண்டிய வேலையே இல்லை, எங்களையும்கூட இல்லை என்று நினைத்தபோது நெஞ்சிலிருந்த பாரம் முழுக்க இறங்கிவிட்டது.

பெரும்போக அறுவடை முடிந்து, வயல்காரர்கள் எல்லோருக்கும் ஓய்வான ஒரு நாளில் நிக்காஹ் நடந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தார். மேல்மாடியை அவர்களுக்கென்று பூசிக் கொடுத்திருந்தோம். காலையில் இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் கந்தோருக்குப் போகிறார்கள். மகள் பின்னாலிருந்து, பாதை தெரியாதவருக்குச் சொல்வதுபோல, இடப் பக்கம் வலப் பக்கம் என்று சொல்லிக்கொண்டே போவாள்.

கல்யாணம் முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை நாங்கள் ஆறு பேராக உட்கார்ந்தோம். மருமகனுக்கு நடு இடம் கொடுத்தோம். இவ்வளவு படம் தேடித் தந்தவர், எங்கள் எல்லோரையும் விடப் படத்தைப் பற்றித் தெரிந்தவராக இருப்பார் என்ற மரியாதை. ஒரு மத்தளக்காரரின் கதை போட்டோம். ராத்தாவும் இந்த முறை குசினிக்குப் போகவில்லை. பத்து நிமிடம் போயிருக்காது, பக்கத்தில் மெல்லிய குறட்டை கேட்டது. மகள் அவரைத் தோளில் தட்டி எழுப்பினாள்.

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். சின்ன வயதிலிருந்தே தனக்கு ஒரு படத்தையும் முழுதாகப் பார்க்க முடிவதில்லை, நித்திரை வந்துவிடும் என்றார். சமையல்காரனின் படத்தைக்கூட, சமைக்கிற இடங்களை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தந்தாராம். மற்றவற்றைக் கூட்டாளிமாரிடம் கேட்டு வாங்கியதாம்.

"எனக்குப் படத்த விட, அதப் பாத்தவங்கட கதைதான் விருப்பம்" என்றார்.

ராத்தா தன் சாய்மனைத் தலையணையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். என் கணவர் சத்தத்தைக் குறைத்தார். மருமகன் திரும்பவும் உறங்கிப்போனார். நாங்கள் மிச்சத்தைப் பார்த்தோம், எழும்பியதும் அவருக்குச் சொல்வதற்காக ஒவ்வொரு காட்சியையும் கவனமாகப் பார்த்தோம்.